பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது தெரியவந்தால் என்ன செய்வது

பத்தாம் வகுப்பு படிக்கிற மகளின் முன்கையில் வரிசையாகக் கீறல்கள் இருப்பதைப் பார்த்துவிட்ட அம்மா முதலில் கேட்பது "என்னடி இது?" என்றுதான். பதில் வராவிட்டால் அடுத்த கேள்வி "யாருடி அவன்?" அப்பாவாக இருந்தால் கேள்விக்கு முன்பே கை ஓங்கிவிடும். இந்த இரண்டு கேள்வியும் அந்த ஓங்கிய கையும் சேர்ந்து செய்வது ஒரே வேலை, அடுத்த காயம் உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

பள்ளிக்கூடத்தில் ஆலோசகராக இருப்பதால் இப்படிக் கலங்கிப்போய் வந்து நிற்கிற பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதையும், அதற்குப் பின்னால் என்ன ஆராய்ச்சி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன். மகள் என்று எழுதினாலும் மகன், தம்பி, ஹாஸ்டல் அறைத்தோழி, மனைவி என்று யாருக்கும் பொருந்தும். பையன்களும் செய்கிறார்கள். அவர்கள் சுவரில் குத்திக் கையை வீங்கவைத்துக்கொண்டு வந்தால் நாம் "கோபக்காரன், அவங்க தாத்தா மாதிரி" என்று பெருமையாகக்கூடச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் காயம், அப்புறம் பேச்சு

புதுக் காயம் என்றால் காரணம் கேட்பதைத் தள்ளிவையுங்கள். "காட்டு, கழுவிக் கட்டிடலாம்" என்ற ஒரு வாக்கியம் போதும். குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுநடுவே எடுத்துப் பார்க்காதீர்கள், உறைகிற ரத்தம் மறுபடி பிய்ந்துகொண்டு வரும். காபித்தூள், மஞ்சள்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். இதைச் சொன்னால் பாட்டிகள் என்மேல் கோபப்படுவார்கள், ஆனால் அந்தத் தூளை எல்லாம் திரும்பச் சுரண்டி எடுத்துத்தான் தையல் போட வேண்டியிருக்கும்.

பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை, காயம் வாய் பிளந்து தெரிகிறது, விரலை மடக்க முடியவில்லை அல்லது மரத்துப்போயிருக்கிறது, கழுத்திலோ பிறப்புறுப்பிலோ காயம் என்றால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று தெரியாவிட்டால் அதையும் அங்கே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, கூடவே மாத்திரை ஏதாவது சாப்பிட்டாளா என்று கட்டாயம் கேளுங்கள். சாப்பிட்டிருந்தால் ஆள் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் உடனே ஆஸ்பத்திரிதான், சில மருந்துகள் முதல் நாள் ஒன்றும் காட்டாமல் இருந்துவிட்டுப் பிறகுதான் ஈரலைத் தாக்கும்.

கட்டுப் போடுகிற அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்பதை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், அதில் தப்பில்லை. "எங்களுக்கு ஏன் இந்தத் தண்டனை" என்று ஆரம்பிக்காமல் இருந்தால் சரி, ஏனென்றால் அந்த இடத்திலிருந்து பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும், அவள் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிடுவாள்.

"சீன் போடுறா" என்கிறவர்களுக்கு

இது எவ்வளவு பரவலானது என்று முதலில் பார்ப்போம். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, சாகிற எண்ணம் இல்லாமல் தன்னை ஒருமுறையாவது காயப்படுத்திக்கொண்டதாகச் சொன்ன வளரிளம் பருவத்தினர் 17.2 சதவீதம், பெரியவர்களில் 5.5 சதவீதம். நாற்பது பேர் வகுப்பில் ஆறேழு பேர். இந்த மாதிரி எண்ணைப் படிக்கும்போது எப்படிக் கேட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். "எப்போதாவது உன்னைக் காயப்படுத்திக்கொண்டது உண்டா" என்று ஒற்றைக் கேள்வி கேட்டால் குறைவாகவும், இன்னின்னது செய்தாயா என்று பட்டியல் கொடுத்துக் கேட்டால் அதிகமாகவும் வரும். ஆய்வுக்கு ஆய்வு எண் எகிறுவதில் பாதிக்கு மேல் இந்தக் கேட்கும் முறையால்தான் என்று அதே ஆய்வு சொல்கிறது. அதனால் வாட்ஸ்ஆப்பில் "இளைஞர்களில் பாதிப்பேர்" என்று எதாவது வந்தால் அப்படியே முழுங்க வேண்டாம்.

இதை முதலில் தீவிரமாக வகைப்படுத்தியவர்களில் ஒருவர் ஆர்மாண்டோ ஃபவாஸா என்ற அமெரிக்க மனநல மருத்துவர், 1980-களில். ஊரே ஒப்புக்கொண்டு சடங்காகச் செய்வது வேறு, ஒருவர் தனியாக, வேதனையில், மறைத்துச் செய்வது வேறு என்று அவர் பிரித்தார். நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பழனிக்கு அலகு குத்திக்கொண்டு போகிறவரை யாரும் மனநோயாளி என்று நினைப்பதில்லை. 2013-இல் அமெரிக்க மனநலச் சங்கம் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடும், தற்கொலை எண்ணமில்லாத சுயகாயத்தை இன்னும் ஆராய வேண்டிய ஒரு நிலையாகத் தனியே பட்டியலிட்டபோது, மதச் சடங்கு, காது மூக்கு குத்துதல், பச்சை குத்துதல் எல்லாம் இதில் சேராது என்று எழுதியே வைத்தது.

சரி, ஏன் செய்கிறார்கள்? மேத்யூ நாக், மிட்செல் பிரின்ஸ்டீன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2004-இல் சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளிடமே கேட்டு நான்கு வகையாகப் பிரித்தார்கள். தாங்க முடியாத ஓர் உணர்ச்சியை நிறுத்துவதற்கு. எதுவுமே உறைக்காமல் மரத்துப்போன நிலையில் ஏதாவது ஒன்றை உணர்வதற்கு. ஒரு நெருக்கடியிலிருந்து, திட்டிலிருந்து, தேர்விலிருந்து தப்பிப்பதற்கு. யாராவது நம்மைக் கவனிக்க மாட்டார்களா என்பதற்கு. இதில் முதல் காரணத்தைத்தான் அதிகம் பேர் சொல்கிறார்கள், அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளிலும் அதேதான். நம் ஊரில் எல்லோரும் முதலில் சொல்கிற "சீன் போடுறா" என்பது வெகு பின்னால்தான் வருகிறது. அப்படியே அது கவனத்துக்காகத்தான் என்று வைத்துக்கொண்டாலும், சோறு கேட்கிற பிள்ளையைப் பசிக்காக அழுகிறாள் என்று சொல்லி யாரும் ஒதுக்குவதில்லையே.

கிடைக்கிற நிம்மதி சில நிமிடம்தான், அது வடிந்ததும் குற்ற உணர்ச்சியும் அவமானமும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன, அந்த அவமானமே அடுத்த முறைக்குத் தூண்டுதல் ஆகிவிடுகிறது. நீங்கள் திட்டும்போது அந்தச் சக்கரத்தை ஒரு சுற்று வேகமாகச் சுற்றிவிடுகிறீர்கள். மொத்தத்தில் இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது இதைத்தான்: அந்தக் காயம் அவளுக்கு என்ன வேலை செய்துகொடுக்கிறது என்று தெரியாமல் அதை நிறுத்தப் பார்க்காதீர்கள். வேலை அப்படியே இருக்க, கருவியை மட்டும் பிடுங்கினால் அவள் வேறொரு கருவியைத் தேடுவாள்.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது

எல்லோரும் இருக்கும் கூடத்தில் வேண்டாம். முகத்துக்கு முகம் உட்கார்ந்து விசாரணை மாதிரியும் வேண்டாம். வண்டியில் போகும்போது, கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, கண்ணோடு கண் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத நேரம் பார்த்து, "கண்ணு, கையில காயம் இருந்ததைப் பார்த்தேன். எனக்குக் கோபம் இல்லை. ரொம்ப கஷ்டமா இருக்குன்னு மட்டும் புரியுது. இப்ப சொல்லணும்னு இல்லை, எப்ப வேணும்னாலும் சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிப் பகுதிதான் நம் ஆட்களுக்கு வரவே வராது. இரண்டு நிமிட மௌனம் தாங்காமல் அறிவுரையை ஆரம்பித்துவிடுவோம்.

அவள் பேசினால் "ஏன்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதினைந்து வயதில் யாரிடமும் பதில் இருக்காது. "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? அப்ப மனசுல என்ன ஓடுச்சு? செஞ்சதுக்கு அப்புறம் எப்படி இருந்துச்சு?" என்று முன்னும் பின்னும் கேளுங்கள். "ஒண்ணும் நடக்கல, மார்க் ஷீட்ல கையெழுத்து வாங்கணும்னு இருந்துச்சு, அப்பா போன்ல கத்திட்டு இருந்தாரு" என்று சொல்வாள். உங்களுக்கு அது ஒன்றுமே இல்லாததாகத் தெரியும். தெரியட்டும், வெளியே சொல்லாதீர்கள். எந்தக் கருவி, எத்தனை முறை, எங்கெங்கே என்று தோண்டுவதும் வேண்டாம், அதெல்லாம் மருத்துவர் கேட்டுக்கொள்வார்.

சில நேரம் பதில் நீங்கள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வரும். உறவுக்காரர் ஒருவர், டியூஷன் வாத்தியார், வேன் டிரைவர் என்று யாராவது தொட்டதாகச் சொன்னால் அந்த நிமிடத்திலேயே "நான் உன்னை நம்புறேன்" என்று சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் சொல்லியே ஆக வேண்டும். 1098-ஐக் கூப்பிட்டால் குழந்தைகள் உதவி மையத்திலிருந்து வழி சொல்வார்கள். குடும்பத்துக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் வருவார்கள், அவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள்.

தற்கொலை பற்றிக் கேட்கத்தான் வேண்டும்

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. 2005-இல் நியூயார்க் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளி மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். கேட்கப்பட்டவர்களிடம் வேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கனவே மனச்சோர்வில் இருந்தவர்கள் கொஞ்சம் ஆறுதலாகக்கூட உணர்ந்தார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்றே கேளுங்கள். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நீங்களே அவள் வாயில் ஊட்டுகிறீர்கள்.

சுயகாயமும் தற்கொலை முயற்சியும் வேறு வேறுதான், பலர் சாகாமல் அந்த நேரத்தைத் தாண்டுவதற்கே இதைச் செய்கிறார்கள். ஆனாலும் தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை முயற்சிக்கான ஆபத்து கூடுதல் என்பது நிறைய ஆய்வுகளில் வந்துவிட்டது. ஆமாம் என்று சொன்னாலோ, திட்டம் ஏதாவது வைத்திருந்தாலோ, இரவு தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் தாத்தாவின் மாத்திரைகள், வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து எல்லாவற்றையும் வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள் அல்லது பூட்டுங்கள்.

செய்யக் கூடாதவற்றில் முதலிடம் சத்தியத்துக்கு

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு, இனிமே செய்ய மாட்டேன்னு." இதைச் செய்யாத வீடு இல்லை. அவளும் அழுதுகொண்டே செய்வாள், உண்மையாகவே நினைத்துத்தான் செய்வாள். அப்புறம் ஒரு ராத்திரி அது மீறிப்போகும். இப்போது காயத்தோடு, அம்மா தலையில் அடித்த சத்தியத்தையும் மீறிய பாவம் சேர்ந்துகொள்ளும், அதற்கு மேல் உங்களிடம் எப்படி வந்து சொல்வாள்? எழுதி வாங்கும் ஒப்பந்தங்கள் பலன் தருவதாகக் காட்டும் உருப்படியான ஆதாரம் மருத்துவத்திலும் இல்லை.

அப்புறம், தினமும் கையைச் சோதனை போடுவது, போனைப் பிடுங்குவது, சித்தி பெரியம்மாவுக்கெல்லாம் சொல்லிப் புலம்புவது, தழும்பைக் காட்டி "யாரு உன்னைக் கட்டிக்குவா" என்பது. இந்தக் கடைசி வாக்கியத்தை என்னிடம் சொல்லிக்காட்டாத பெண்பிள்ளை அபூர்வம். தாயத்து, மந்திரிப்பு, கோயில் என்று போகிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. போய்விட்டு வாருங்கள், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவதை அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இணையத்தில் "உங்கள் பிள்ளையின் ஆபத்து எத்தனை மதிப்பெண்" என்று கேள்வித்தாள்கள் கிடைக்கும். யார் மறுபடி செய்வார்கள், யார் தற்கொலைக்கு முயல்வார்கள் என்று கணிக்க இப்படிப்பட்ட மதிப்பெண் கருவிகளைப் பயன்படுத்தவே வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மருத்துவர்களுக்கே சொல்லிவிட்டது. குறைந்த மதிப்பெண் வந்தவர்களிலும் இறந்தவர்கள் உண்டு என்பதுதான் காரணம்.

எங்கே கூட்டிப்போவது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டுப் போட்டுப் பார்க்கலாம், செலவில்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கியது, அந்தப் பெயரை வைத்து ஊரே கிண்டல் செய்ததால் உள்ளே போகக் கூசுகிறவர்கள் நிறைய. கூசினால் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அங்கேயும் அதே மாதிரி மருத்துவர்கள்தான். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தன்னார்வ அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் 1926.

மருத்துவர் மாத்திரை கொடுத்தால் அது பெரும்பாலும் கூட இருக்கிற மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோதான். சுயகாயத்துக்கென்றே தனி மருந்து கிடையாது. பேச்சு வழிச் சிகிச்சைகளில் நன்றாகச் சோதிக்கப்பட்டது டிபிடி (Dialectical Behavior Therapy) என்பது. மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கியது, முதல் சோதனை 1991-இல் வந்தது. உணர்ச்சி கொந்தளிக்கும்போது அதைத் தாக்குப்பிடிப்பது, பெயர் சொல்லி அடையாளம் காண்பது, கேட்க வேண்டியதைக் கேட்பது என்று ஒவ்வொன்றையும் பாடம் மாதிரி பழக்குவார்கள். தான் இளவயதில் மருத்துவமனையில் அடைபட்டுத் தன்னையே காயப்படுத்திக்கொண்டிருந்தவர் என்பதை லினஹன் 2011-இல்தான் வெளியே சொன்னார், அதற்குள் அவருடைய சிகிச்சையால் உலகம் முழுக்க எத்தனையோ பேர் பிழைத்திருந்தார்கள். அது மந்திரக்கோல் ஒன்றும் இல்லை. 2018-இல் 173 வளரிளம் பருவத்தினரிடம் செய்த சோதனையில் ஆறு மாத முடிவில் டிபிடி தெளிவாக முந்தியது, ஓராண்டு முடிவில் மற்றச் சிகிச்சைக்கும் அதற்கும் இடைவெளி குறைந்துவிட்டது. நம் ஊரில் முறையாகப் பயின்றவர்கள் கொஞ்சம் பேர்தான். "டிபிடி தெரியுமா" என்று மருத்துவரைச் சோதிக்காதீர்கள், "உணர்ச்சியைக் கையாளப் பழக்குகிற சிகிச்சை இங்கே யார் தருகிறார்கள்" என்று கேளுங்கள்.

வெளியே சொல்லத் தயங்குகிற காயம்

பிறப்புறுப்பில் தானே காயம் செய்துகொள்வதும் நடக்கிறது. அரிது. ஆனால் நடக்கிற வீட்டில் வெட்கத்தால் மணிக்கணக்கில் தாமதிக்கிறார்கள் என்பதால் எழுதியே ஆக வேண்டும். (சிறுமிகளுக்கு மற்றவர்கள் செய்கிற உறுப்புச் சிதைப்பு முற்றிலும் வேறு விஷயம், அது வன்முறை, இங்கே அதைப் பேசவில்லை.)

இதைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் தனித்தனி நோயாளி அறிக்கைகள்தான். 1979-இல் அதுவரை ஆங்கிலத்தில் வந்திருந்த 53 ஆண்களின் அறிக்கைகளைத் திரட்டியபோது 87 சதவீதம் பேர் மனச்சிதைவு போன்ற நிலையில், பிரமையில் இருந்தவர்கள் என்று வந்தது. 2017-இல் 173 பேரின் அறிக்கைகளைத் திரட்டியபோது மனச்சிதைவு வகை நோய்கள் ஏறத்தாழப் பாதிதான், போதைப்பழக்கம், ஆளுமைச் சிக்கல், பிறந்த பாலினத்தோடு ஒன்ற முடியாத வேதனை எல்லாம் மீதியில் இருந்தன. பத்திரிகையில் எழுதும் அளவுக்கு விசித்திரமானவை மட்டுமே அறிக்கையாக வரும் என்பதால் இந்தச் சதவீதங்களை எழுத்துக்கு எழுத்து நம்ப முடியாது. ஆனால் நடைமுறைக்கு இரண்டு விஷயம் கிடைக்கிறது.

ஒன்று, "பாவம் பண்ணிட்டேன், இந்த உறுப்புதான் காரணம்", "குரல் சொல்லுது, எடுத்துடச் சொல்லுது" என்று ஒருவர் பேச ஆரம்பித்தால், தூக்கமில்லாமல் நடந்துகொண்டே இருந்தால், காயம் வரும்வரை காத்திருக்காமல் அன்றே மனநல அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். பிரமை மருந்தில் அடங்கக்கூடிய நோய். காயமே ஆகிவிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108. துண்டான பகுதி இருந்தால் ஈரத்துணியில் சுற்றி, பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துப்போங்கள். ஐஸ் நேராகப் படக் கூடாது. திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு, நேரம்தான் முக்கியம்.

இரண்டு, பாலின வேதனையில் இருக்கிறவர் கடைசிக் கட்டமாகத்தான் அங்கே வருகிறார், அதற்கு முன்னால் வீட்டில் வாங்கிய அடி ஒரு பெரிய கதையாக இருக்கும். தமிழ்நாட்டில் 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது, பாலின உறுதி அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தாலே பலரும் காத்திருப்பார்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமா

இந்தப் பயத்தால் தனியார் கிளினிக்கில் "கண்ணாடி குத்திடுச்சு" என்று பொய் சொல்லித் தையல் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். மருத்துவமனை குறிப்பு எழுதிக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லலாம், அது நடைமுறை. ஆனால் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிற மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவே இல்லை. சாகும் எண்ணமில்லாத கீறலுக்கு அந்தப் பழைய பிரிவும் பொருந்தியதில்லை. இலங்கையில் 1998-லேயே நீக்கிவிட்டார்கள். எனவே மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். பொய் சொன்னால் தையல் மட்டும்தான் கிடைக்கும்.

ஒரு பக்கத் தாள்

ஸ்டான்லி, பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் என்ற முறை, தற்கொலை ஆபத்தில் இருப்பவர்களுக்காக வந்தது. அவசரப் பிரிவுக்கு வந்தவர்களுக்கு இதை எழுதிக்கொடுத்து, பிறகு போனிலும் விசாரித்தபோது, அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த செயல்கள் 45 சதவீதம் குறைவாக இருந்ததாக 2018-இல் எழுதினார்கள். அதே வரிசையைச் சுயகாயத் தூண்டுதலுக்கும் பயன்படுத்தலாம். அவள் கையெழுத்தில், அவள் சொற்களில் இருக்க வேண்டும், நீங்கள் சொல்லிச் சொல்லி எழுதவைத்தால் அது இம்போசிஷன் ஆகிவிடும். ஒரு தாள் இப்படி இருக்கலாம்:

"அப்பா அம்மா சண்டை போட்டு நான் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினா அதுதான் ஆரம்பம். முதல்ல மூஞ்சில பச்சைத்தண்ணி, நிறைய தடவை. மூச்சை மெதுவா விடணும், உள்ள இழுக்கிறதைவிட வெளிய விடுறது நீளமா. அப்பவும் அடங்கலைன்னா பக்கத்து வீட்டு அக்காகிட்டப் போய் உட்காரணும், எதுவும் சொல்லணும்னு இல்லை. அப்புறம் சித்திக்கு போன், எடுக்கலைன்னா கணக்கு மிஸ். யாருமே இல்லைன்னா 14416. ரூம்ல இருக்கிற அந்தப் பொருளை அம்மாகிட்ட நானே கொடுத்துட்டேன்."

கடைசி வரியைப் பாருங்கள், நானே கொடுத்துட்டேன். தேடிப் பறிமுதல் செய்வதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம். தூண்டுதல் எவ்வளவு உச்சத்துக்குப் போனாலும் அங்கேயே நிற்காது, ஏறினது இறங்கும், அந்த இடைவெளியைக் கடத்துவதற்குத்தான் இந்தத் தாள். காயத்தைப் போலவே வலிக்கிற அல்லது காயத்தைப் போல நடிக்கிற "மாற்று"களை இணையத்தில் சொல்வார்கள், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள், அதே பாதையை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும்.

மறுபடி நடந்தால்

நடக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கழுவு, கட்டு, முன்னும் பின்னும் கேள், தாளில் எந்த வரி வேலை செய்யவில்லை என்று பார், திருத்து. மறுபடி முதலிலிருந்து என்று மனசு விட்டுப்போகும்போது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரைப் பதினான்கு பதினைந்து வயதிலிருந்து கிட்டத்தட்டப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வை நினைத்துக்கொள்ளலாம். வளரிளம் பருவத்தில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் இளைஞர்களானபோது அதைச் செய்வதாகச் சொல்லவில்லை. 2012-இல் வந்த அந்த ஆய்வே, அந்த வயதில் மனச்சோர்வும் பதற்றமும் இருந்தவர்களுக்குத் தொடரும் வாய்ப்பு அதிகம் என்றும் சொல்லிவிட்டது. அதனால் "வயசானா சரியாயிடும்" என்று விட்டுவிடவும் முடியாது.

சிகிச்சை முடிந்த பிறகும் தொடர்பில் இருங்கள். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து ஊர்களில் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1867 பேரிடம் ஒரு சோதனை நடத்தியது. ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை, இன்னொரு குழுவுக்கு அதோடு ஒரு மணி நேர விளக்கமும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ போனிலோ விசாரிப்பும். முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் வழக்கமான குழுவில் 2.2 சதவீதம், விசாரிக்கப்பட்ட குழுவில் 0.2 சதவீதம். 2008-இல் இது வந்தது. முதல் சில வாரங்களில் நெருக்கமாகவும், பிறகு இடைவெளி விட்டுவிட்டும் விசாரித்தார்கள். நீங்கள் அத்தையோ மாமாவோ தோழியோ என்றால் உங்களால் செய்ய முடிந்தது இதுதான்: போனில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தேதிகளில் கூப்பிடுங்கள், காயத்தைப் பற்றிக் கேட்காமல் சாப்பிட்டாயா, நேற்று மேட்ச் பார்த்தாயா என்று பேசிவிட்டு வையுங்கள்.

இதைப் படிக்கிற நீங்களே அந்தப் பிள்ளையாக இருந்தால்: யாரிடம் சொல்வது என்று தேடும்போது உங்களை அதிகம் நேசிக்கிறவரைத் தேடாதீர்கள், பதறாமல் கேட்கக்கூடியவரைத் தேடுங்கள், அது அம்மாவாக இல்லாமல் போகலாம், தப்பில்லை. வாயில் வரவில்லை என்றால் ஒரு சீட்டில் "நான் என்னைக் காயப்படுத்திக்கொள்கிறேன். எத்தனை நாளாக என்று கேட்டால் சொல்வேன். வீட்டில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது இது" என்று எழுதி எடுத்துப்போங்கள். புறநோயாளிப் பிரிவில் கூட்டமாக இருக்கும், மருத்துவர் நிமிர்ந்து பார்க்க நேரமாகும், முறை வந்ததும் அந்தச் சீட்டை மேசைமேல் வைத்துவிடுங்கள். கூட வந்தவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லுமாறும் அவரிடம் கேட்கலாம்.